அழ வைக்கும் கதையெல்லாம் ஆதாரமுள்ள கதையா?



நான் ஆலிம் அல்லன். சில ஆண்டுகள் மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு படிப்பு எனக்கில்லை. கிள்ளானில் மளிகைக்கடை வைத்துப் பிழைப்பவன். எனினும் சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் எழுந்த ஒரு கேள்வி என் மனத்தை மிகவும் கலக்கிவிட்டபடியால், அதைப் பற்றி விசாரித்து அறிந்ததை உங்கள் முன் வைக்கத் துணிகிறேன். பிழையிருந்தால் பெரியோர்கள் திருத்துவார்களாக.

மீலாது பயானில் உக்காஷா (ரலி) அவர்களின் சவுக்கடிக் கதை சொல்லப்பட்டது. நம்மில் அதைக் கேளாதவர் யார்? நபிகள் நாயகம் (ஸல்) தம் இறுதி நாட்களில், "என்னால் துன்பம் அடைந்தவர் யாரேனும் இருந்தால் பழி தீர்த்துக் கொள்ளலாம்" என்று சபையில் அறிவிக்கிறார்கள். உக்காஷா எழுந்து, ஒரு நாள் தங்கள் சவுக்கு என்மேல் பட்டது என்கிறார். பாத்திமா நாயகியின் வீட்டிலிருந்து சவுக்கு வருகிறது. அபூபக்கரும் உமரும் அலியும், "எங்களை அடியும்" என்று முன்வருகிறார்கள். கடைசியில் உக்காஷா சவுக்கை விட்டுவிட்டு நாயகத்தின் திருமேனியை முத்தமிடுகிறார். சபையில் அழாதவர் எவருமில்லை. நானும் அழுதேன்.

வீடு திரும்பும் வழியில் என் மகன் கேட்டான்: "அத்தா, இது ஸஹீஹான ஹதீதா?"

எனக்குக் கோபம் வந்தது. "இத்தனை பேர் அழுதார்களே, எல்லாம் பொய்க்கா?" என்று அதட்டிவிட்டேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது கல்லாவில் பணம் குறைந்தது. யாரோ சொன்ன சொல்லை நம்பி, என் அத்தா கடைப் பையனை வாடிக்கையாளர்களுக்கு முன்னால் அறைந்துவிட்டார்கள். அம்மாதச் சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்கள். பிறகு கணக்குப் பார்த்ததில், பிழை அத்தாவின் பேரேட்டிலேயே இருந்தது. தெரிந்தும் அத்தா வாய் திறக்கவில்லை. முதலாளி என்ற கௌரவம் தடுத்தது. சில வாரம் கழித்து ஒரு பயானில் இதே உக்காஷா கதையைக் கேட்டார்கள். மறுநாள் காலை அந்தப் பையனை அழைத்து, சம்பளத்தைக் கையில் கொடுத்து, "தம்பி, நீயும் என்னை ஓர் அடி அடித்துவிடு" என்றார்கள். அவன் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று அதைக் கண்டவன் நான். அந்தக் கதை பொய்யென்றால் என் அத்தாவின் மனமாற்றமும் பொய்யாகிவிடும் போல் எனக்குத் தோன்றியது.

ஆனால் மறுநாள் கடையில் ஓர் அம்மா தேன் போத்தலைக் கையிலெடுத்து, "பாய், இது அசல் தேனா?" என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. "குடித்துப் பாருங்கள், இனிக்கும்" என்று நான் சொல்லலாமா? சீனிப்பாகும் இனிக்கத்தானே செய்யும்! யாரிடம் வாங்கினேன், அவர் யாரிடம் வாங்கினார், அவர்கள் நாணயமானவர்களா என்றுதான் சொல்லவேண்டும். ஹதீதுக் கலையில் ஸனது என்பதும் இதுதான். கண்ணீர் ஸனது ஆகாது.

ஆகவே எனக்குத் தெரிந்த ஓர் ஆலிமிடம் போனேன். அவர்கள் கிதாபுகளைத் திறந்து காட்டி விளக்கினார்கள். சவுக்கடிச் செய்தி தப்ரானீயின் நூலில் இருக்கிறது. ஆனால் அதை அறிவிக்கும் அப்துல் முன்இம் இப்னு இத்ரீஸ் என்பவர், வஹ்பு இப்னு முனப்பிஹின் பெயரால் பொய் சொல்பவர் என்று இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் கூறியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 597-ல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ, இதை இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தம் நூலில் சேர்த்திருக்கிறார்கள். கதை உக்காஷாவைத் தள்ளாத கிழவராகக் காட்டுகிறது. இப்னு ஸஅதின் நூலோ, நாயகம் மறைந்தபோது அவருக்கு வயது 44 என்கிறது. அதன்பின் அவர் புஸாகா என்னுமிடத்தில் துலைஹாவின் படையோடு நடந்த போரில் ஷஹீதானார். நம் பறங்கிப்பேட்டையில் அவர் பெயரால் தர்கா இருந்தாலும், சரித்திர நூல்கள் காட்டும் இடம் அரபு நாட்டு நஜ்துதான்.

நான் கேட்டேன்: "ஹஜ்ரத், கதை பொய்யானாலும் அதனால் நன்மை விளைகிறதே?"

அவர்கள் சொன்னார்கள்: "இந்த வாதம் பழையது, பாய். மக்கள் குர்ஆன் ஓதவேண்டும் என்ற ஆசையால், ஒவ்வொரு சூராவுக்கும் சிறப்புகளை இட்டுக்கட்டியதாக நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர் ஒப்புக்கொண்டார் என்று நூல்களில் வருகிறது. நபிக்கு எதிராக அல்ல, நபிக்காகவே பொய் சொல்கிறோம் என்று வாதித்தவர்களும் உண்டு. இமாம்கள் அதை ஏற்கவில்லை. தம்மீது வேண்டுமென்றே பொய் சொல்பவனின் இடம் நரகம் என்று நாயகம் எச்சரித்தது, நல்லெண்ணப் பொய்க்கு விலக்கு வைத்து அல்ல."

இந்தியாவிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. பஞ்சாபின் பட்டிண்டாவில் ரத்தன் என்பவர், ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில், தாம் நாயகத்தை நேரில் கண்ட ஸஹாபி என்றார். ஆறு நூறு ஆண்டு வாழ்ந்தேன் என்பதையும் நம்பிப் பலர் அவரிடம் ஹதீது கேட்டார்கள். ஹிஜ்ரி 748-ல் மறைந்த இமாம் தஹபீ அதை மறுத்துத் தனி நூலே எழுதினார்கள். இப்னு ஹஜர், ஸஹாபாக்களைப் பற்றிய தம் பெரிய அகராதியில், ஸஹாபி என்று தவறாகச் சொல்லப்பட்டவர்களுக்கென்றே ஒவ்வோர் எழுத்திலும் தனிப் பகுதி வைத்தார்கள். ஸஹாபாக்களின் மேல் அன்பு குறைந்தா அவ்விதம் செய்தார்கள்? அன்பு மிகுந்தே செய்தார்கள்.

கதை எப்படி வளர்கிறது என்பதையும் பாருங்கள். அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) நாயகத்திடம் மூன்று கேள்விகள் கேட்டு இஸ்லாத்தில் சேர்ந்தது புகாரீயில் உள்ளது. நம் வண்ணப் பரிமளப் புலவர் 1572-ல் மதுரையில் அரங்கேற்றிய நூல் ஆயிரம் மசலா; மலாய் மக்களிடம் அதே கதை ஸெரிபு மஸாலா. மூன்று ஆயிரமாகிவிட்டது! அந்நூல் நம் தமிழின் செல்வம், அதைப் போற்றுவோம். ஆனால் இலக்கியம் இருக்கவேண்டிய தட்டில் இலக்கியத்தையும், ஹதீது இருக்கவேண்டிய தட்டில் ஹதீதையும் வைப்போம்.

இன்று கைப்பேசியில் வரும் செய்தியைப் படித்து முடிக்குமுன் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் முஸ்லிமின் முன்னுரையில் ஹதீது இருப்பதை மறந்துவிடுகிறோம்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பலவீனமான செய்தி வேறு, இட்டுக்கட்டிய செய்தி வேறு. நற்செயலுக்கு ஆர்வமூட்டப் பலவீனமானதைச் சில நிபந்தனைகளோடு சொல்லலாம் என்று இமாம் நவவீ போன்றோர் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நேற்று ஒரு புத்தகம் படித்துவிட்டு, இன்று எல்லாவற்றையும் பொய் பொய் என்று பெரியவர்களை அவமதிப்பதும் முறையல்ல.

கடைசியாக ஹஜ்ரத் அவர்களிடம் என் அத்தாவைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "உங்கள் அத்தா செய்தது கதையால் நிற்கவில்லை, பாய். தொழுகை நோன்போடு வந்தும், ஒருவரை ஏசி இன்னொருவரை அடித்ததற்காகத் தன் நன்மைகளையெல்லாம் பிறருக்குக் கொடுத்து முடிக்கும் திவாலான மனிதனைப் பற்றி முஸ்லிமில் இருக்கிறதே, அதன்மேல் நிற்கிறது. பழிதீர்க்கக் கேட்டு நாயகத்தின் விலாவை முத்தமிட்டவர் வேண்டுமா? உஸைது இப்னு ஹுளைர் (ரலி) அவர்களின் செய்தி அபூதாவூதில் உள்ளது. அசல் சரக்கு உள்ளே இருக்க, ஏன் போலியை விற்கவேண்டும்?" என்றார்கள்.

அன்றிரவு எனக்கு இன்னொன்றும் விளங்கிற்று. என் அத்தா அந்தப் பையனை அறைந்தது ஏன்? கேட்ட செய்தியை விசாரியாமல் நம்பியதால். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்து பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்துடைய ஆயத்து சூரத்துல் ஹுஜுராத்தில் இருக்கிறது. நோயுற்ற நாயகத்தின்முன் சவுக்கைக் கேட்டார் என்று உக்காஷாவின்மேல் நாம் சொல்வதும் அவர் செய்யாத ஒன்றுதானே? கடைப் பையனாவது, "நான் எடுக்கவில்லை" என்று சொல்ல முடிந்தது. கபுரில் இருப்பவர் என்ன சொல்வார்?

என் மகனை அழைத்து, அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கணக்குக் கேட்காமல் சுவர்க்கம் புகும் எழுபதினாயிரம் பேரில் தானும் ஒருவராக துஆச் செய்யும்படி நாயகத்திடம் முந்திக்கொண்டு கேட்டவர் உக்காஷா என்ற புகாரீ, முஸ்லிம் செய்தியைச் சொன்னேன். அவன் பாட்டனார் கடைப் பையனிடம் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். அதற்கு ராவி நான், கண்ணால் கண்டது.

கேட்பதை விசாரித்துச் சொல்லும் நாவையும், தவறு தெரிந்தால் திரும்பும் மனத்தையும் அல்லாஹுத்தஆலா நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக. ஆமீன்.