கழித்தலும் காத்தலும்

திண்டிவனம் என்னும் பெயர் திந்திரிணீ வனம் என்பதிலிருந்து வந்தது என்பர் பெரியோர். திந்திரிணீ என்பது புளியமரத்துக்கு வடமொழியில் வழங்கும் பெயர். விழுப்புரத்துக்கு அருகே ஸ்ரீ லக்ஷ்மீ நரஸிம்ஹன் எழுந்தருளியிருக்கும் பூவரசன்குப்பமோ பூவரச மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மரத்தின் பெயரையே ஊருக்கு இட்டு வழங்கிய மண் இது. திருக்குருகூரில் ஸ்வாமி நம்மாழ்வார் வீற்றிருந்த புளியமரத்தை ஆதிசேஷனின் அம்சமாகவே கருதித் திருப்புளியாழ்வார் என்று கைகூப்பும் மரபில் வந்தவர்கள் இவ்வூர் அடியார்கள். அத்தகையோர் வீட்டுக் கொல்லையில், காய்த்துப் பழுத்து நிற்கும் ஒரு மரத்தின்மேல் அரிவாளை வைக்கலாமா? வைப்பது அறமா, பாவமா? சிறிய கேள்வியாகத் தோன்றினும், ஆராயப் புகுந்தால் மனித வாழ்வின் பல கேள்விகள் இதனுள் அடங்கியிருப்பது விளங்கும்.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், இரண்டு தலைமுறைகளுக்கு முன் நட்ட மாமரம் கொல்லையில் நிற்கும் ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். மரம் கூரைக்கு மேல் கவிந்துவிட்டது. உட்கிளைகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. காய்ப்பு உச்சிக்குப் போய்விட்டது. அணிலும் கிளியும் தின்ற மிச்சமே தரைக்கு வருகிறது. வீட்டு மூதாட்டி, "என் மாமனார் கையால் வைத்த மரம், யாரும் கை வைக்கக் கூடாது" என்கிறார். மகனோ, "அடுத்த புயலில் வீட்டின்மேல் சாய்ந்தால் யார் பொறுப்பு அம்மா? அடியோடு எடுத்துவிடலாம்" என்கிறான். மரம் கழிக்க வந்த முதியவர் இருவரையும் கேட்டுவிட்டு, "அம்மா, வெட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம், கழித்துவிட்டால் போதும்" என்கிறார்.

மகனுடைய அச்சத்தை வீண் என்று தள்ள இயலாது. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்துச் சென்றது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயல் நகராமல் நின்று பெய்ததில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டிற்று. மண் ஊறி வேர் பிடி தளரும் நேரத்தில், அடர்ந்த தலையோடு நிற்கும் மரம் காற்றுக்குப் பாய்மரம் போலாகிறது. மூதாட்டியின் மறுப்பும் வெறும் பிடிவாதம் அன்று. நட்டவர் மறைந்த பின்னும் நிழல் தந்து நிற்பதொன்றை, இடைஞ்சல் என்ற ஒரே காரணத்தால் அழிப்பது நன்றி கொன்ற செயல் என்பதே அவர் நெஞ்சில் இருப்பது. இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆயினும் தொடாதே என்பதும் தொலைத்துவிடு என்பதும் ஒரு வகையில் ஒன்றே. இரண்டிலும் மரத்தை உற்றுப் பார்க்க வேண்டிய உழைப்பு இல்லை.

காட்டில் நிற்கும் மரத்தை யாரும் கழிப்பதில்லையே என்று கேட்கலாம். காட்டு மரம் தன் நிழலால் தானே கீழ்க்கிளைகளை உதிர்க்கிறது. ஒடிந்து விழுந்தாலும் அதன் கீழே உறங்குவோர் இல்லை. கொல்லை மரமோ மனிதன் தன் தேவைக்காகச் சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே நட்டது. அதன் இடத்தைத் தேர்ந்தவன் மனிதன். ஆகவே அதன் வளர்ச்சிக்குப் பொறுப்பும் அவனுடையதே. நந்தவனத்துத் துளசியைப் பேணுவோர் இதை நன்கு அறிவர். பெருமாளுக்கு என்று நாள்தோறும் நுனி கிள்ளப்படும் துளசி பக்கங்களில் கிளைத்துப் புதராகிறது. கிள்ளாமல் விட்ட துளசி உயர்ந்து, கதிர் முற்றி, தண்டு மரத்துப் போகிறது. எடுப்பதே வளர்ப்பதாகும் இடமும் உலகில் உண்டு.

கழித்தல் என்பது எப்படிச் செய்யப்படுகிறது என்று காணின், அதன் அறம் அதன் முறையிலேயே அடங்கியிருப்பது தெரியும். வேளாண் நூலோர் இதைக் கவாத்து என்பர். முதலாவது, காலம். மாமரம் கிளைகளின் நுனியில் பூப்பது. மார்கழி தை மாதங்களில் பூ எடுக்கும். அந்நாளில் நுனியை வெட்டுவோன் அவ்வாண்டுப் பழத்தையும் சேர்த்து வெட்டுகிறான். அறுவடை முடிந்து, வடகிழக்குப் பருவமழை வருமுன், ஆவணியை ஒட்டிய காலமே ஏற்றது. தமிழ்நாட்டு வேளாண் அறிஞர்களும் மூன்றாண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்டு செப்டம்பரில் உட்கிளைகளைக் கவாத்து செய்யச் சொல்கின்றனர்.

இரண்டாவது, தேர்வு. காய்ந்தது, நோய் கண்டது, குறுக்கே ஓடி உராய்வது, உள்ளே வெயிலை மறைப்பது ஆகியவையே கழிக்கத் தக்கவை. இவற்றுள் எளிதில் ஏமாற்றுவது புல்லுருவி. மாமரத்தின் மேல் அது பசுமையாகவே இருக்கும், பூக்கும், அதன் பழத்தைச் சிறு குருவிகள் விரும்பி உண்ணும். பறவை எச்சத்தின் வழியே ஒட்டிய விதை கிளைக்குள் புகுந்து, மரத்தின் நீரை உறிஞ்சியே தழைக்கிறது. பச்சையாய் இருப்பதெல்லாம் மரத்தினுடையது அன்று. அது பற்றிய இடத்துக்குக் கீழே, நல்ல கிளையிலும் சிறிது சேர்த்தே வெட்ட வேண்டும்.

மூன்றாவது, அளவு. முதிர்ந்த மரத்தில் ஒரே ஆண்டில் தலையின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பது நன்றன்று. இலைதான் மரத்துக்கு அடுப்பங்கரை. அது குறைந்தால் மரம் பட்டினி கிடக்கும். மொட்டையடித்த மரத்தின் பட்டை, பழகாத வெயிலில் வெந்து வெடிக்கும். அதிலிருந்து நீர்ப்போத்துகள் செங்குத்தாகக் கிளம்பும். பார்வைக்கு அவை வீறுகொண்ட வளர்ச்சி, உண்மையில் அவை மரத்தின் பதற்றம். எனவே மூன்றாண்டு வேலையை ஒரு நாளில் முடிப்பவன் திறமைசாலி அல்லன்.

நான்காவது, வெட்டும் விதம். பெருங்கிளையை மேலிருந்து ஒரே வீச்சில் வெட்டினால், அது சாயும்போது தண்டின் பட்டையைக் கிழித்துக்கொண்டு விழும். ஆகவே சற்றுத் தள்ளிக் கீழ்ப்புறத்தில் முதலில் ஒரு வெட்டு. அதற்கு அப்பால் மேலிருந்து மற்றொரு வெட்டு. பாரம் இறங்கிய பின், கிளை தண்டோடு சேரும் புடைத்த வளையத்தைச் சிதைக்காமல் மூன்றாம் வெட்டு. பிறகு மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசையைப் பூசுவது இந்நாட்டு வழக்கம்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மனித உடலில் காயம் பட்டால் பழைய சதை நீங்கிப் புதுச் சதை வளர்ந்து ஆறுகிறது. மரத்தில் அப்படி இல்லை. அமெரிக்க நாட்டு மர அறிஞர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து ஆராய்ந்து, 1970களில் இதைத் தெளிவாக்கினார். மரம் தன் புண்ணை ஆற்றுவதில்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, வெளிப்புறத்தில் புதிதாக வளர்கிறது. வெட்டின் தழும்பு மரம் உள்ளவரை அதன் உள்ளே இருக்கும். அந்த வளையத்தை வெட்டுவோன் விட்டுவைத்தால் சுவர் உறுதியாக எழும். சிதைத்தால் அழுகல் உள்ளே இறங்கும்.

இதனால் பெறப்படுவது யாது? நன்மைக்காகச் செய்த வெட்டும் வெட்டே. நோக்கம் நல்லது என்பதால் காயம் இல்லாமல் போய்விடாது. ஆகவே கழிப்பவன் புண்ணியம் செய்தேன் என்று நிமிர்ந்து நடக்க உரியவன் அல்லன். கடன்பட்டவனாக அம்மரத்தோடு இருக்க வேண்டியவன். கோடையில் நீர் வார்ப்பதும், வெட்டுவாயைப் பார்த்துக் கொள்வதும், மறு ஆண்டு போத்துகளை நீக்குவதும் அவன் பொறுப்பு. வெட்டிவிட்டுப் போகிறவன் கையிலும் வெட்டிய பின் தங்குகிறவன் கையிலும் இருப்பது ஒரே அரிவாளாயினும், செயல் வேறு. யார் பொருட்டு இந்த வெட்டு, அளவு எது, பின்னர் உடன் இருப்பது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லக் கூடியவனுக்கே மரத்தின்மேல் கைவைக்கும் உரிமை உண்டு.

இவ்வளவும் மரத்தைப் பற்றியது. இதைக் கேட்டவுடன் மனிதர் மனம் மற்றொன்றுக்குத் தாவும். துன்பத்தில் இருக்கும் ஒருவரிடம் சென்று, "பகவான் உம்மைக் கழித்துச் செம்மையாக்குகிறான், எல்லாம் நன்மைக்கே" என்று சொல்வோர் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும், புயலில் வீடிழந்தவரிடமும் இதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவோரும் உண்டு. கருத்து சாத்திரத்துக்குப் புறம்பானதன்று. ஆயினும் சொல்பவர் யார் என்று பார்க்க வேண்டும். திருவித்துவக்கோட்டு அம்மானைப் பாடிய குலசேகராழ்வார், கத்தி வைக்கும் வைத்தியனிடமே அன்பு மாறாத நோயாளியைக் காட்டுகிறார். அந்த நோயாளியாக அவர் நிறுத்துவது தம்மையே. அண்டை வீட்டாரை அன்று. படுக்கையில் கிடந்து அதைச் சொல்வது பக்தி. கட்டிலின் அருகே நின்று, வலியில்லாதவர் அதைச் சொல்வது கொடுமை. எம்பெருமானின் திருவுள்ளத்தைத் தாம் படித்து முடித்தவர் போல் பிறர் துயருக்கு விளக்கம் கூறுவோர், கத்தியையும் தொடாமல், நீரும் வார்க்காமல், வெட்டுக்கு மட்டும் பெயர் சூட்டுகின்றனர். அத்தகைய வேளையில் அடியாருக்கு உரிய கைங்கரியம் விளக்கம் அன்று, உடன் இருத்தலே.

பெற்றோருக்கும் இது பொருந்தும். குழந்தையைத் திருத்துகிறேன் என்று அதன் விருப்பம் ஒவ்வொன்றையும் நறுக்குவோர், மரத்தின் உவமையைத் தமக்குத் துணைக்கு அழைப்பதுண்டு. மரத்துக்கு வாய் இல்லை. ஆதலால் அதன் பொருட்டு மனிதன் எண்ண வேண்டியிருக்கிறது. குழந்தைக்கோ வாய் உண்டு. கேட்டால் சொல்லும். கேட்க முடிந்த இடத்தில் கேளாமல் வெட்டுவதற்குக் கழித்தல் என்று பெயரில்லை.

அப்படியாயின் மனித வாழ்வில் கழித்தலுக்கு இடமே இல்லையோ எனின், உண்டு. அதற்கான இடத்தைத் திருக்கோவலூர் காட்டுகிறது. நெடுங்காலம் விழுப்புரத்தோடு சேர்ந்திருந்து, 2019-இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ள அத்தலத்தின் வரலாற்றை அறியாத வைணவர் இல்லை. மழை கொட்டிய இரவில் ஒடுங்கிய இடைகழி ஒன்றில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் இருக்கலாம் என்று எழுந்து அமர்ந்தார் முன்னவர். பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று அனைவரும் எழுந்து நின்றனர். பிறகு, நான்காமவனாய் வந்து நெருக்கியவன் எம்பெருமான்.

அங்கே இடம் போதவில்லை என்று யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. படுக்கையைத் தாமே கழித்தார் ஒருவர். இருக்கையைத் தாமே கழித்தனர் இருவர். தம்மிடமிருந்து குறைத்துக்கொண்டதால் பிறருக்கு இடம் உண்டாயிற்று. பிறருக்கு உண்டான இடத்தில் பெருமானே வந்து நின்றான். மரத்தால் தானே எண்ணித் தேர்ந்து தன்னைக் கழித்துக்கொள்ள இயலாது. மனிதனால் இயலும். அவனுக்கு அரிவாள் கொடுக்கப்பட்டிருப்பது முதலாவதாகத் தன் கிளைகளுக்கே: குறுக்கே ஓடி உராயும் சினம், உள்ளே ஒளி புகாமல் மறைக்கும் பெருமிதம், பச்சையாகத் தோன்றிப் பிறர் நீரை உறிஞ்சும் புல்லுருவியாகிய ஆசை. அங்கும் அளவு வேண்டும். ஒரே நாளில் முற்றும் துறந்தேன் என்பதும் மொட்டையடித்த மரத்தைப் போன்றதே. போத்துகள் மும்மடங்காய்க் கிளம்பும்.

அந்த மூதாட்டியின் கொல்லைக்குத் திரும்பலாம். ஆவணியில் அவர் இசைந்தார் என்றே கொள்வோம். முதியவர் மூன்று கிளைகளை மட்டும் எடுத்துவிட்டு, "மற்றது அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம் அம்மா" என்று இறங்குகிறார். சில வாரங்களில் வெட்டுவாயின் அருகே செம்பு நிறத் தளிர் தலைகாட்டும். நெடுநாள் வெயில் காணாத கிணற்றடியில் காலை ஒளி விழும். மூதாட்டி அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்ப்பார். அது ஆறாது என்பதும், மரம் வாழும் என்பதும் அவருக்குத் தெரியும்.

உற்சவத்தில் திருவீதியில் நெருங்கி நிற்கும் அடியார்களுக்கும் இது ஒன்றே விண்ணப்பம். பின்னால் ஒரு முதியவரோ கைக்குழந்தையோடு ஒரு தாயோ ஸேவிக்க இயலாமல் தவித்தால், ஓர் அடி ஒதுங்குவது போதும். அந்த ஓர் அடி இடைவெளியில் வந்து நிற்பவன் யார் என்பதைத் திருக்கோவலூர் முன்பே காட்டியிருக்கிறது. அவன் திருவருள் எல்லோர் மனையிலும் நிழலாகவும் கனியாகவும் பெருகுவதாக.