முதலில் கையை வையுங்கள்

மாலை ஏழரை மணி. கிளினிக் வாசலில் பதினோரு பேர் காத்திருக்கிறார்கள். ஒரு லேப்ரடார் எதிரே இருக்கும் கூடையைப் பார்த்துக் குரைக்க, பூனைக்காரம்மா துப்பட்டாவால் கூடையை மூடுகிறார். உள்ளே மேசைமேல் நிற்கும் நாயின் சொந்தக்காரர் சொல்கிறார்: "ரெண்டு நாளா சாப்பிடலை டாக்டர். ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க, போதும்." உங்கள் கை தானாக ட்ரே பக்கம் போகிறது. ஆன்டிபயாடிக் ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று, பி காம்ப்ளெக்ஸ் ஒன்று.

அந்தக் கையை அங்கேயே நிறுத்துங்கள். ஐந்தரை ஆண்டு படித்து முடித்து, இப்போதுதான் நாய், பூனை பார்க்க உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு இளம் டாக்டரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். ஊசியைத் தொடும் முன் நாயைத் தொடுங்கள்.

அந்த மூன்று ஊசி வேலை செய்யும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஸ்டீராய்டு உள்ளே போனதும் காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், மறுநாள் காலை நாய் தட்டை நக்கிக் காலி செய்யும். தெரு முழுக்கக் கைராசிக்கார டாக்டர் என்று பேர் வந்துவிடும். நோயோ உள்ளே அப்படியே இருக்கும். உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் ரத்தம் எடுத்துப் பிளேட்லெட் பார்க்க வேண்டும். எர்லிக்கியா என்றால் டாக்சிசைக்ளின் 28 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். பேபிசியா என்றால் மருந்தே வேறு. இரண்டு நாள் ஊசி போட்டு விட்டால் அது போய்விடாது. பதுங்கிவிட்டுத் திரும்பி வரும்போது மூக்கில் ரத்தம் வடிய வரும்.

எனக்கும் அந்தக் கைராசிப் பேர் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. எட்டு வயதுப் பொமரேனியன், கருத்தடை செய்யாத பெட்டை. சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். வெயில் காலம் அல்லவா என்றேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. கடைசியாக எப்போது ஹீட்டுக்கு வந்தது என்று கேட்கவில்லை. மூன்று ஊசி போட்டு அனுப்பினேன். நான்காம் நாள் பழைய புடவையில் சுற்றி எடுத்து வந்தார்கள். ஈறு வெளுத்து, வயிறு உப்பியிருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். ஆபரேஷனுக்குத் தயார் செய்யும்போதே மேசைமேல் போய்விட்டது. ஹீட் முடிந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் வரும் நோய் அது. சீழ் வெளியே வடியாத வகைதான் நம்மை ஏமாற்றும். முதல் நாளே கண்டுபிடித்துக் கர்ப்பப்பையை எடுத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க டாக்டர்" என்றார். நான் செய்யவில்லை. அதை அவரிடம் சொல்லும் துணிவும் அன்று எனக்கு இல்லை. நீங்கள் தவறினால் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டது இருபது ஆண்டு கழித்தும் தூக்கத்தில் வந்து நிற்கிறது.

பத்து நிமிடம் போதும். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். தாடைக்கடியில், தோளுக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுங்கள். காது மடலையும் விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். வெளியே காத்திருப்பவர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். அவர் முறை வரும்போது அவருக்கும் இதே பத்து நிமிடம் உண்டு.

ஆண் பூனையைக் கொண்டுவந்து, "மலச்சிக்கல் டாக்டர், மண்ணுல உட்கார்ந்து முக்கிக்கிட்டே இருக்கு, விளக்கெண்ணெய் கொடுத்தோம்" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். ஒரு கையால் தோளை அணைத்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே அடிவயிற்றை மெல்லப் பிடியுங்கள். பெரிய எலுமிச்சம்பழம் போல இறுகிய உருண்டை ஒன்று அகப்பட்டால் அது மூத்திரப்பை. மூத்திரம் அடைத்திருக்கிறது. பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடும். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பக்கூடிய நோயல்ல.

கை வைக்காமல் மருந்து சொல்லவும் வேண்டாம். இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும், என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று. நேரில் கொண்டு வரச் சொல்லுங்கள். பூனைக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்டால் மட்டும் அந்த நொடியே பதில் போடுங்கள், கூடவே கூடாது என்று. ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பேறும், முகம் வீங்கும். கொடுத்துவிட்டோம் என்று சொன்னால், கிளம்பி வரச் சொல்லிவிட்டு ஷட்டரைத் திறவுங்கள்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று எழுதினால் பில்லை ஏற்றுகிறார் என்பார்களோ என்ற கூச்சம் பலரை ஊசியோடு நிறுத்திவிடுகிறது. ஆட்டோ ஓட்டுபவர் தன் நாட்டு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால், அவர் சட்டையைப் பார்த்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உங்கள் சந்தேகம் என்ன, எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு ஆகும், எல்லாவற்றையும் சொல்லுங்கள். முடிவு அவருடையது. முடியாது என்றால் அரசு கால்நடை மருத்துவமனைக்கு, சென்னையில் வேப்பேரிக்கு, நீங்கள் தொட்டுக் கண்டதை எழுதிய சீட்டோடு அனுப்புங்கள். அந்தச் சீட்டு அங்கே ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கை வைக்கக் கூடாத ஒரு வாய் உண்டு. "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு டாக்டர்" என்று கொண்டுவருவார்கள். தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறியிருக்கும். சாதுவாகத்தான் நிற்கும். எலும்பைத் தேடி வெறும் கையை வாய்க்குள் விடாதீர்கள். ரேபிஸ் எப்போதும் கடித்துக்கொண்டே வருவதில்லை. சந்தேகம் வந்தால் நாயைத் தனியே பூட்டி, யார் யார் தொட்டார்கள் என்று கேளுங்கள். எச்சில் பட்ட கீறலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இன்னொரு ஜோடிக் கையும் அந்த அறையில் இருக்கிறது. நீங்கள் வாயைத் திறந்து பார்க்கும்போது நாயின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நிற்கிற உதவியாளர். உங்களுக்கு ரேபிஸ் முன்தடுப்பு ஊசி 0, 7, 21ஆம் நாள் என மூன்றும் போட்டிருக்கும். அவருக்கு? பல கிளினிக்குகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. முதலாளி செலவு செய்ய மாட்டார் என்றால் உங்கள் சம்பளத்தில் போடுங்கள். இன்று மாலை கதவைத் திறந்ததும், முதல் நாயை மேசையில் ஏற்றும் முன் அவரிடம் கேளுங்கள்.