புழுவைக் கொன்றால் பாவமா?

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் நியூகீ என்றோர் ஊர். அங்குள்ள புளூ ரீஃப் மீன் காட்சியகத்தில், 2009ஆம் ஆண்டு, ஒரு தொட்டியின் பவளங்கள் இரவோடு இரவாகக் கடிபட்டுக் கிடந்தன. மீனும் காயப்பட்டது. பொறி வைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது சிக்கியது நான்கடி நீளக் கடற்புழு. ஊழியர்கள் அதைக் கொல்லவில்லை. ‘பாரி’ என்று பெயர் சூட்டித் தனித்தொட்டியில் விட்டார்கள்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பெரிய விருந்தாளி வாய்ப்பது அபூர்வம். பாரியின் சின்னஞ்சிறு உறவினர்கள்தான் எங்கும் வருவார்கள். ‘பிரிசில் வார்ம்’ என்று மீன் வளர்ப்போர் சொல்லும் இவற்றுக்கு உடலின் இருபுறமும் முள்மயிர் உண்டு. வெறுங்கை பட்டால் முட்கள் தோலில் ஒடிந்து எரியும். தொட்டியில் வைக்கும் ‘லைவ் ராக்’ என்ற கடற்பாறையின் பொந்துகளில் ஒளிந்து தொட்டிக்குள் வந்துவிடுகின்றன. விளக்கணைந்ததும் வெளிவந்து, மீந்த தீனியையும் கழிவையும் செத்த உயிர்களையும் தின்கின்றன. காலையில் செத்த மீன்மேல் புழு மொய்ப்பதைப் பார்ப்பவர், கொலையாளி அதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார். பெரும்பாலும் அது செத்ததைத் தின்ன வந்ததே தவிர, கொன்றதல்ல. அந்த மீன் அழுகினால் நீரில் அம்மோனியா ஏறி மற்ற மீன்களும் சாகும். அதைத் தடுப்பதும் இந்தப் புழுதான்.

ஆனாலும் பொறி தயாராகிறது. குழாய்க்குள் இறால் துண்டு வைத்து இரவில் இறக்கினால், விடிந்ததும் உள்ளே புழுக்கள். இனி அவற்றை என்ன செய்வது? கொல்லலாமா?

சமணர்களின் தத்துவார்த்த சூத்திரம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. புழுவுக்குத் தொடுதல், சுவைத்தல் என இரண்டு புலன். தொல்காப்பியத்தின் மரபியலிலும் இப்படியோர் அடுக்கு உண்டு. சிப்பி ஈரறிவு, நண்டு நாலறிவு. மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் 1975இல் எழுதிய ‘விலங்கு விடுதலை’ நூலில் இறாலுக்கும் சிப்பிக்கும் நடுவே எங்கோ கோடு கிழித்தார். பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு விலங்கு உணர்வுச் சட்டம் முதுகெலும்புள்ளவற்றோடு நண்டு, இறால், கணவாய் இனங்களையும் ஏற்றுக்கொண்டு, புழுவை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இங்கே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. சட்டம் தன் கோட்டுக்குக் கீழே இருப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சமண இல்லறத்தாரின் கொல்லாமை விரதமோ ஈரறிவு உயிரிலிருந்தே தொடங்குகிறது. அதாவது, புழுவிலிருந்து.

அந்த மரபு கொலையையும் வகை பிரிக்கிறது. நினைத்துச் செய்வது சங்கல்ப இம்சை. சமைக்கும்போதும் பெருக்கும்போதும் நேர்வது ஆரம்ப இம்சை. முன்னதை இல்லறத்தார் விட்டே ஆகவேண்டும், பின்னதைக் கவனத்தால் குறைக்கவேண்டும். பொறியில் பிடித்துக் கொல்வது ஐயமில்லாமல் சங்கல்பம். சிக்ஸ்லைன் ராஸ் மீனையோ ஆரோ நண்டையோ வாங்கிவிட்டுப் புழுவைத் தின்னவைத்தாலும் தப்ப முடியாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையுமே சமணம் வினையாக எண்ணுகிறது.

பிடித்ததைக் கடலில் விட்டால் புண்ணியமா? சமணர் நீரை வடிகட்டும்போது, துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலைக்கே திருப்பிவிடுவார்கள். தொட்டிப் புழுவின் சொந்தக் கடல் எதுவென்று வளர்ப்பவருக்குத் தெரியாது. மீன்தொட்டிகளில் வளர்க்கப்பட்ட காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற பாசி 1984இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்கு அருகே மத்தியதரைக் கடலில் தென்பட்டது. பிறகு அது ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியது. ஓர் உயிர்மேல் காட்டும் இரக்கம் ஒரு கடலையே கெடுக்கலாம்.

மிஞ்சும் ஒரே வழி தீனியில் இருக்கிறது. மீன்கள் தின்னமுடியாத அளவுக்குக் கொட்டும்போதுதான் புழுக்கள் பெருகுகின்றன. தீனியைக் குறைப்பதும் பட்டினிக் கொலைதானே என்று ஒருவர் கேட்கலாம். பெருகிய பிறகு குறைத்தால் அந்தக் கேள்வி நியாயமானதே. முதலிலிருந்தே அளவோடு போட்டிருந்தால், பட்டினி கிடக்க அந்தப் புழுக்கள் பிறந்தே இருக்கமாட்டா. கொல்லலாமா என்ற கேள்வி பொறி வைக்கும் இரவில் எழுகிறது. அதற்குரிய பொறுப்போ பல மாதம் முன்பே, தீனி போட்ட கையில் தொடங்கிவிட்டது.

ஆகவே மீன் வளர்ப்போரே, சில நிமிடங்களில் மீன் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள். மீந்ததை அன்றே எடுத்துவிடுங்கள். புதுப் பாறையைத் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே உள்ளே விடுங்கள். பவளம் தின்னும் இனம் அகப்பட்டால் கையுறை போட்டு இடுக்கியால் எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மற்றவற்றை அவற்றின் வேலையைச் செய்ய விடுங்கள்.