பழகிய காலும் பழகாத வண்டியும்

மனிதன் நாள்தோறும் செய்யும் செயல்களில் பெரும்பகுதி எண்ணிச் செய்வதன்று, பழகிச் செய்வது. சட்டைப் பொத்தானை மாட்டும்போது விரல்களுக்கு நாம் கட்டளையிடுவதில்லை. இருட்டில் வீட்டுப் படியேறும்போது எத்தனை படி என்று எண்ணுவதுமில்லை. இவை யாவும் தாமே நடைபெறுகின்றன. வினை என்பது எண்ணத்தில் தொடங்குவது என்னும் நெறியில் நிற்கும் நமக்கோ இதில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணாமலே, வெறும் பழக்கத்தால், ஒரு தீங்கு நம் உடலின் வழியாக நிகழ்ந்துவிடுமாயின் அது நம் வினையா, அன்றா? அன்று என்றால் அடிபட்டவனுக்கு யார் பதில் சொல்வது? ஆம் என்றால், எண்ணமில்லாத இடத்தில் வினை எப்படி வந்தது?

இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து எழவில்லை. இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு வட்டத்தைச் சேர்ந்த ஏலப்பாறையில் நாம் சில நாள் தங்கியிருந்தபோது, தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து இப்போது கார் ஓட்டிப் பிழைக்கும் ஓர் இளைஞர் கேட்டது. (ஊரின் பெயரில் ஏலம் இருப்பினும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தெரிவது தேயிலையே.) வாகமண் செல்லும் சாலையில் உள்ள ஒரு விடுதிக்காக இரண்டாண்டுகளாக அவர் மின்சாரக் கார் ஓட்டிவந்தார். ஒரு நாள் விடுதிக்கு வந்திருந்த முதியவர் ஒருவருக்கு உடல்நலம் குன்றவே, அவருடைய பெட்ரோல் காரிலேயே அவரைக் கோட்டயத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அது செடான் என்று சொல்லப்படும் நீண்ட, தாழ்ந்த, விலையுயர்ந்த கார். ஏறி அமர்ந்தார், புறப்பட்டார். குட்டிக்கானம் கடந்து முண்டக்கயம் நோக்கி இறங்கும் வளைவுகளில் வழக்கம்போல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி பிடித்துக்கொள்ளவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே ஏறி வந்த ஜீப்புக்கு ஒரு முழத்துக்கு முன்னால் கால் பிரேக்கைக் கண்டுபிடித்தது. அதன்பின் வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தியே இறங்க, கருகல் நாற்றம் எழுந்து, பாதி மலையில் நிறுத்திவிட்டார். எவருக்கும் தீங்கில்லை. ஆயினும் அவர் மனம் ஆறவில்லை. “ஐயா, அந்த ஜீப்பில் இருந்தவர் செத்திருந்தால் அந்தப் பாவம் என்னுடையதா, என் காலுடையதா?” என்றார்.

இவ்வினாவை விளங்கிக்கொள்ள இருவகை வண்டிகளின் இயல்பையும் சற்றே அறிய வேண்டும். மின்சாரக் காரில் காலை எடுத்தவுடன், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்த அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடுகிறது. உருளும் சக்கரம் இப்போது மோட்டாரைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்புகிறது. அந்த உழைப்பால் வண்டி வேகம் தணிகிறது. இதன் வலுவைக் கூட்டவும் குறைக்கவும் பல வண்டிகளில் வழி உண்டு. கூட்டி வைத்து ஓட்டிப் பழகியவருக்குப் பிரேக் மிதி ஏறக்குறைய மறந்தே போகும். காலை எடுப்பதே நிறுத்துவதாகிவிடும். தானே கியர் மாறும் பெட்ரோல் கார் அத்தகையதன்று. காலை எடுத்தாலும், அது கிடக்கும் உயர் கியரில் எஞ்சினின் பிடிப்பு சொற்பமே. செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுபவர் தாமாகக் கியரைத் தாழ்த்தி, எஞ்சினைக்கொண்டு வண்டியைக் கட்ட வேண்டும். பழைய லாரி ஓட்டிகள் எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று சிஷ்யப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் ஏறத்தாழ 1,000 மீட்டர் தாழ்வில் உள்ளது. ஆளும் சாமானுமாக 1,800 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு தூரம் கீழே இறங்கும்போது அது வெளிவிட வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இதில் ஒரு பங்கு காற்றோடும் டயரோடும் கழிந்துவிடும். எஞ்சியதில் பெரும்பகுதியை மின்சாரக் கார் பாட்டரியில் சேமித்துக்கொள்ளும். கியரைத் தாழ்த்தாத பெட்ரோல் காரிலோ அது முழுவதும் பிரேக் தட்டுகளில் அனலாகிறது. அனல் மிஞ்சினால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும். மிதித்தால் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது.

அந்த மலைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிதாயிருந்தது. இடுக்கி அணையில் தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கக் குழாய்களில் விழுந்து மூலமற்றம் நிலையத்தில் மின்சாரமாகிறது என்பதை அங்குள்ள சிறுவரும் அறிவர். 1976-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அந்நிலையத்தின் திறன் 780 மெகாவாட். விழும் நீர் அங்கே செய்வதை இறங்கும் கார் தன்னளவில் செய்கிறது என்றதும் அவர்கள் தலையசைத்தனர்.

காலுக்கு நேர்ந்தது இது. காதுக்கு நேர்வது வேறு. பெரிய கார்களைச் செய்தவர்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பெட்ரோல் எஞ்சினின் வெடியோசையை மறைக்கவே பாடுபட்டு வந்தனர். ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி 1907-இல் தன் கார் ஒன்றுக்குச் சில்வர் கோஸ்ட், அதாவது வெள்ளிப் பேய், என்று பெயரிட்டது, அது பேய்போல் ஓசையின்றி வந்ததனால்தான். ரப்பர்த் தாங்கிகள், தடித்த கண்ணாடி, பன்னிரண்டு சிலிண்டர் என்று கோடிக்கணக்கில் செலவிட்டு அவர்கள் வாங்கித்தந்த அமைதியை, இன்று எஞ்சினே இல்லாத ஒரு சிறு மின்சாரக் கார் சும்மா தருகிறது. அதில் ஈராண்டு பழகியவர் திரும்பவும் சொகுசுக் காரில் ஏறினால், முன்பு சங்கீதம்போல் கேட்ட எஞ்சின் இப்போது உறுமலாகக் கேட்கிறதாம். கியர் மாறும் சிறு தயக்கமும் முதுகில் தட்டுகிறதாம். கார் மாறவில்லை. கேட்கும் காது மாறிற்று.

நாம் இருபதாண்டுகளுக்கு மேல் நூற்பாலையில் உழைத்தோம். ரிங் பிரேம்கள் வரிசையாக ஓடும் கூடத்தில் புதிதாய் நுழைபவர் காதைப் பொத்திக்கொள்வார். ஒரு மாதத்துக்குப்பின் அவருக்கு அவ்விரைச்சல் கேட்காது. ஆயினும் ஓர் இயந்திரத்தில் சிறு முனகல் எழுந்தால் அது மட்டும் அவர் காதில் விழும். இரைச்சலே அவருக்கு மொழியாகிவிடுகிறது. மலையில் வண்டி ஓட்டுபவருக்கும் எஞ்சின் ஓசை அத்தகைய மொழிதான். எந்தக் கியரில் இருக்கிறோம், வண்டி நம்மைத் தள்ளுகிறதா என்பதைக் கண்ணுக்கு முன்னே காது சொல்லிவிடும். ஓசையில்லா வண்டியில் இரண்டாண்டு இருந்தவர் அம்மொழியை மறந்திருப்பார். ஓசையை மறைக்கும் சொகுசுக் காரோ அதை அவருக்கு நினைவூட்டவும் மாட்டாது. ஆகவே அந்த இளைஞருக்குக் காலும் துணை செய்யவில்லை, காதும் துணை செய்யவில்லை.

இனி வினாவுக்கு வருவோம். இதற்கு விரைவான விடைகள் இரண்டு உண்டு. எண்ணமில்லை, ஆதலின் குற்றமில்லை என்பது ஒன்று. செத்தவன் செத்தவனே, ஆதலின் ஓட்டினவன் கொலைகாரன் என்பது மற்றொன்று. முதல் விடையைச் சொல்பவர்கள் சக்குபாலத் தேரரின் கதையைக் காட்டுவார்கள். பார்வையிழந்த அத்தேரர் மழைக்குப்பின் உலாவியபோது அவர் காலடியில் பூச்சிகள் நசுங்கின, பிக்குகள் குறைகூறினர், கொல்லும் எண்ணம் அவரிடம் இல்லை, பூச்சிகளை அவர் காணவுமில்லை என்று பகவன் அவரை விடுவித்தார். சரிதான். ஆனால் அந்தத் தேரர் கண் இல்லாதவர். நம் ஓட்டுநருக்குக் கண் இருந்தது.

நமக்கு நெருங்கிய வழக்கு விநய பிடகத்தில் உள்ளது. பிட்சைக்குச் சென்ற ஒரு பிக்கு, ஒரு வீட்டில் துணி போர்த்தியிருந்த ஆசனத்தில் அமர்ந்துவிட்டார். துணியின்கீழ் குழந்தை கிடந்தது, இறந்துபோயிற்று. அவர் நடுங்கிப்போய்ப் பகவனிடம் முறையிட்டார். சங்கத்தைவிட்டு நீக்கும் கொலைக்குற்றம் இது அன்று என்று தீர்ப்பாயிற்று. அத்துடன் விடப்படவுமில்லை. ஆசனத்தைப் பாராமல் அமரலாகாது, அமர்பவர் தவறிழைத்தவராவார் என்று ஒரு விதியும் பிறந்தது. இதில் குற்றம் எங்கே வைக்கப்பட்டது என்று நேயர்கள் உற்று நோக்க வேண்டும். குழந்தை இறந்ததில் அன்று, உட்காருமுன் பாராததில். ஆசனத்தில் குழந்தை இல்லாதிருந்தாலும், பாராமல் உட்கார்ந்தவர் தவறினவரே. எவருக்கும் தீங்கு நேரவில்லையே என்று நம் இளைஞர் ஆறுதல் கொள்ள இடமில்லாமற் போவதும், இறந்திருந்தால் கொலைகாரன் ஆகியிருப்போமே என்று அவர் நடுங்க வேண்டாததும் இவ்விதி ஒன்றினாலேயே.

நம் நாட்டுச் சட்டமும் இதே வழியில் தட்டுத்தடுமாறி நடக்கிறது. கொலைக்கு ஒரு பிரிவும் அசட்டையால் நேர்ந்த மரணத்துக்கு வேறொரு பிரிவும் வைத்திருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இரண்டாண்டு வரை சிறை என்றிருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை ஆகியிருக்கிறது. ஆனால் சட்டம் எவனாவது சாகும் வரை இப்பிரிவைக் கையில் எடுப்பதில்லை. விநயம் ஆசனத்தின் அருகிலேயே நிற்கிறது.

இங்கே ஒருவர் மிலிந்தனின் வினாக்களை எடுத்துக்கொண்டு வரக்கூடும். அறிந்து தீமை செய்பவனைவிட அறியாமல் செய்பவனுக்கே கேடு மிகுதி என்று நாகசேனர் அதில் சொல்கிறார். பழுக்கக் காய்ந்த இரும்பை அறியாமல் பிடிப்பவனுக்கே கை அதிகம் வேகும் என்று உவமையும் காட்டுகிறார். இதைக் கேட்டு அறியாதவனை ஏன் தண்டிப்பது என்று சினங்கொள்வோர் உண்டு. நாமோ இதை ஒரு தண்டனையாகக் கொள்வதில்லை. நடப்பை அவர் அப்படியே சொல்கிறார் என்றே கொள்கிறோம். சூடு என்று அறிந்தவன் கையை இழுத்துக்கொள்வான். பிரேக் காய்கிறது என்று அறிந்த ஓட்டுநர் கியரைத் தாழ்த்தியிருப்பார். அறியாதவர் மேலும் மேலும் மிதித்தார். தட்டு மேலும் மேலும் காய்ந்தது.

அப்படியானால் பழக்கமே கூடாதா என்று கேட்கலாம். பழக்கமின்றி ஒரு வண்டியையும் ஓட்ட முடியாது. ஒவ்வொரு மிதியையும் எண்ணி மிதிப்பவர் முதல் வளைவிலேயே பள்ளத்தில் கிடப்பார். நூற்பாலையில் அறுந்த இழையைப் பிணைக்கும் விரல்கள் எண்ணத் தொடங்கினால் நூல் நிற்காது. பழக்கம் நல்ல வேலைக்காரன். எஜமான் வீடு மாறியதை அறியாத வேலைக்காரன். பழைய வீட்டுக் கதவு இருந்த இடத்திலே போய் முட்டிக்கொள்வான். ஆகவே நாம் விழித்திருக்க வேண்டியது நாள் முழுவதும் அன்று. அது நம்மவரால் ஆகிற காரியமும் அன்று. வீடு மாறும் அந்தச் சிறுபொழுதில் விழித்திருக்க வேண்டும். ஏலப்பாறைக் கடைத்தெருவிலேயே, சமதளத்தில், காலை எடுத்துப் பார்த்திருந்தால் வண்டி உருள்வதைக் கண்டிருப்பார். பிரேக்கை இருமுறை மிதித்து அதன் கடினமும் இளக்கமும் காலுக்குக் காட்டியிருக்கலாம். கியரைத் தாழ்த்தும் வழி எது என்று கேட்டிருக்கலாம். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர் பொறுப்பு. பாதி மலையில் கால் செய்ததற்குப் பொறுப்பு அதில் அடங்கிவிட்டது. இதைச் சொன்னபோது, “நோயாளியை ஏற்றிக்கொண்டு யார் ஐயா ஐந்து நிமிடம் நிற்பார்கள்?” என்றார். நியாயமான கேள்விதான். ஆயினும் அவசரம் மிகுந்த பயணத்துக்கே அந்த ஐந்து நிமிடம் வேண்டியிருக்கிறது என்று சொன்னோம். அவர் ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை, மறுக்கவில்லை.

வேறு வண்டிக்கு மாறினால்தான் இவ்விழிப்பு வேண்டும் என்றும் எண்ணிவிடலாகாது. மலைமேலுள்ள விடுதியில் இரவு முழுவதும் மின்னேற்றிப் பாட்டரியை நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கும் மின்சாரக் காரை எடுத்துக்கொள்வோம். நிறைந்த குடத்தில் நீர் ஊற்ற இடமேது? பாட்டரியில் இடமில்லாததால் மோட்டாரின் பிடிப்புப் பல வண்டிகளில் குறைந்துவிடுகிறது. நேற்று மாலை காலை எடுத்ததும் நின்ற அதே வண்டி இன்று காலை ஓடுகிறது. இதை அறிந்த ஓட்டுநர்கள் இறக்கத்துக்கு முன் பாட்டரியை முழுதும் நிரப்புவதில்லை. நம் இளைஞருக்கு இது தெரிந்தேயிருந்தது. பெட்ரோல் காரைப் பற்றித்தான் தோன்றவில்லை.

கடைசியாக, சாவியைக் கொடுத்தவர்கள் பங்கு என்ன? துணிக்கடியில் குழந்தை கிடப்பதை அறிந்திருந்த வீட்டார் வாய்திறவாமல் நின்றிருந்தால் அவர்களை என்னவென்று சொல்வோம்? முதியவரைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. அவர் நோயில் கிடந்தார். விடுதிக்காரர் அப்படியல்லர். தம் ஓட்டுநர் இரண்டாண்டாக வேறுவகை வண்டியையே ஓட்டியவர் என்பதை அவர் நன்கறிவார். சொல்ல வேண்டியதும் ஒரே வரிதான்: இந்த வண்டி காலை எடுத்தால் நிற்காது. மலையடிவாரங்களில் வாடகைக்குக் கார் விடுவோரும், விருந்தினர் காரை வேலையாளிடம் ஒப்படைப்போரும் அந்த ஒரு வரியைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிச் சாவியோடு கட்டித் தரலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் காகிதமும் ஒரு சாண் நூலும்.