கடல்நீரில் எரியும் விளக்கு

கேள்வி: வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கம் எப்படி வந்தது? (வாசகர், கொக்கிளாய்)

பதில்: முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடல் கரையில் இருக்கிறது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். மதுரையை எரித்தபின் கண்ணகி ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கினாள், பத்தாவதாக வந்து அமர்ந்த இடம் வற்றாப்பளை என்பது வன்னி மக்களின் நம்பிக்கை.

விளக்கின் கதை மாடு மேய்த்த சிறுவர்களோடு தொடங்குகிறது. நந்திக்கடல் வெளியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அவர்களிடம் ஒரு மூதாட்டி வந்து பசிக்கிறது என்றாள். சிறுவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டதும் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லையே என்றபோது, கடல்நீரை அள்ளி ஊற்றித் திரியைக் கொளுத்தும்படி கூறினாள். விளக்கு எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார்த்துவிடுங்கள் என்றாள். மயிரை விலக்கிப் பார்த்த சிறுவனுக்குத் தலை முழுவதும் கண்களாகத் தெரிந்தன. வைகாசித் திங்களில் மீண்டும் வருவேன் என்று சொல்லி மூதாட்டி மறைந்தாள்.

இந்தக் கதையே ஆண்டுதோறும் சடங்காக நிகழ்கிறது. பாக்குத் தெண்டல் என்னும் சடங்கோடு பொங்கலுக்கான ஆயத்தம் தொடங்கும். பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுப்பார்கள். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், நாயாறு, செம்மலை, அளம்பில் ஆகிய ஊர்களை முல்லைத்தீவோடு இணைக்கும் கரையோரத் தெருவில் இருப்பதால், சிலாவத்தை அந்தப் பகுதியாருக்கு நன்கு பழகிய இடம். அங்கு எடுத்த கடல்நீர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டு, அதில் விளக்கேற்றப்படும். ஏழு நாள் அந்த விளக்கு அங்கே எரியும். ஞாயிற்றுக்கிழமை விநாயகருக்குப் பொங்கல் நடக்கும். மறுநாள் மடைப்பண்டங்களோடு தீர்த்தமும் வற்றாப்பளைக்குப் போகும். திங்கள் இரவு முழுவதும் காவடியும் பாற்செம்பும் நேர்த்திக்கடனுமாகக் கழிய, விடியும்வரை பொங்கல் நடைபெறும்.

கேள்வி: மதுரையை எரித்தது கண்ணகியா, அக்கினி தேவனா?

பதில்: சிலப்பதிகாரம் இருவருக்கும் இடம் வைத்திருக்கிறது. வஞ்சினமாலையில் கண்ணகி மதுரையை மும்முறை வலம்வந்து, இடமுலையைத் திருகி எறிகிறாள். உடனே நீல நிறத்தோடு, பார்ப்பனக் கோலத்தில் தீக்கடவுள் அவள் முன் தோன்றுகிறான். இந்த நகரை எரிக்கும்படி தனக்கு முன்பே ஏவல் உண்டு, யாரை விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறான். பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர் என்று கண்ணகி கட்டளையிடுகிறாள்.

ஏவல் முன்பே இருந்தது. அதைச் செயலாக்கியது கண்ணகியின் சினம். ஆனால் அந்தச் சினத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. யாரைத் தொடக்கூடாது என்று தெரிந்த தீ அது. பின்னர் மதுராபதித் தெய்வம் வந்து ஊழ்வினையை எடுத்துரைத்த பிறகே அழல் தணிகிறது. ஈழத்துக் கண்ணகி வழிபாடு இந்தத் தணிவிலிருந்துதான் தொடங்குகிறது. சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையில், சேரன் செங்குட்டுவன் எடுத்த பத்தினிக் கோயிலுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்ததாகக் கூறப்படுகிறது.

கேள்வி: நீர் தீயை அணைக்கும். அப்படியிருக்க நீரே தீயைத் தாங்கும் என்று கதைகள் சொல்வது ஏன்?

பதில்: நடைமுறையில் நீரும் நெருப்பும் பகை. புராண மரபிலோ நீர் தீக்கு வீடாகவும் இருக்கிறது. ரிக் வேதத்தில் அபாம் நபாத் என்ற தெய்வம் நீரின் பிள்ளையாக, விறகில்லாமல் நீருக்குள் ஒளிர்வதாகப் போற்றப்படுகிறது. இதே பெயருள்ள தெய்வம் பாரசீகத்தின் பழைய நூலான அவெத்தாவிலும் உண்டு. தேவர்களிடமிருந்து ஒளிய நினைத்த அக்கினி நீருக்குள் புகுந்துகொண்ட கதை மகாபாரதத்தில் வருகிறது. நீர் சுடுவதைத் தாங்கமாட்டாத தவளை அவன் இருப்பிடத்தைத் தேவர்களுக்குச் சொல்லிவிட, தவளைகள் சுவையறியும் திறனை இழக்கச் சபிக்கிறான்.

வற்றாப்பளை விளக்குக்கு மிக அருகில் வருவது அதே இதிகாசத்தின் ஆதிபர்வத்திலுள்ள ஔர்வன் கதை. பிருகு குலத்தாரைச் சத்திரியர்கள் கருவிலிருந்த சிசுவையும் விடாமல் கொன்றார்கள். தாயின் தொடையில் மறைந்திருந்து பிறந்தவன் ஔர்வன். குலத்துக்கு நேர்ந்த அநீதியால் மூண்ட அவன் கோபம் மூவுலகையும் எரிக்கப் பார்த்தது. முன்னோர்கள் தோன்றி, கோபத்தை அடக்கு என்றார்கள். எழுந்த கோபத்தை வீணே அடக்கினால் அது தன்னையே சுடும் என்றான் ஔர்வன். அப்படியானால் கடலில் விடு என்றார்கள். கடலில் விட்ட அந்தத் தீ குதிரைமுகத்தோடு இன்றும் அங்கே நீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்பது கதை. தமிழ் இலக்கியம் வடவைக் கனல் என்று சொல்வது இதைத்தான். காமனை எரித்த நெற்றிக்கண் தீயும் இவ்வாறே கடலில் கொண்டுபோய் வைக்கப்பட்டதாகச் சிவபுராணம் கூறும்.

முருகன் பிறப்பும் இந்த வரிசையில் சேரும். சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து எழுந்த ஆறு பொறிகளை வாயுவும் அக்கினியும் சுமந்து கங்கையில் விட, கங்கை சரவணப் பொய்கையில் சேர்த்தது. பொறிகள் பொய்கைத் தாமரையில் குழந்தைகளாயின. அந்தப் பிறப்புக்கு உரிய நாள் வைகாசி விசாகம். வற்றாப்பளைப் பொங்கலும் அதே விசாகத்தை ஒட்டித்தான் வருகிறது.

மூண்ட தீ நீரில் தங்கும்போது அழிக்கும் வேகம் நீங்கி, ஒளியோ குழந்தையோ ஆகிறது என்பதே இக்கதைகளுக்குப் பொதுவான கருத்து.

கேள்வி: தண்ணீரில் விளக்கெரித்த அடியார் யாரும் உண்டா?

பதில்: அறுபத்து மூவரில் ஒருவரான நமிநந்தியடிகள். ஏமப்பேறூரைச் சேர்ந்த அவர் திருவாரூர் அரநெறிக் கோயிலில் விளக்கேற்ற விரும்பி, பொழுது சாய்ந்துவிட்டதால் அருகிலிருந்த சமணர் வீட்டில் நெய் கேட்டார். கையில் நெருப்பை ஏந்தியவருக்கு விளக்கு எதற்கு, ஏற்றத்தான் வேண்டுமென்றால் தண்ணீரை ஊற்றி ஏற்று என்று ஏளனம் செய்தார்கள். இறைவன் ஆணைப்படி அடிகள் குளத்து நீரை முகந்துவந்து ஊற்ற, விளக்குகள் விடியும்வரை எரிந்தன. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் இதைப் பாடியிருக்கிறார். ஏளனமாகச் சொன்ன சொல்லே அற்புதத்துக்கு வழியானது. வற்றாப்பளையில் ஏளனத்துக்கு இடமில்லை; எண்ணெயில்லாத ஏழைச் சிறுவர்களுக்கு எட்டிய நீர் எதுவோ, அதுவே போதும் என்கிறது கதை.

யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக் கதையிலும் எண்ணெய்க் குறை வருகிறது. எருசலேம் ஆலயத்தை மீட்டபோது ஒரு நாளுக்கு மட்டுமே இருந்த எண்ணெய் 8 நாள் எரிந்தது என்பது அவர்கள் மரபு.

கேள்வி: மனிதனுக்கு நெருப்பு கிடைத்ததைப் பற்றி மற்ற நாட்டார் என்ன சொல்கிறார்கள்?

பதில்: பெரும்பாலான கதைகளில் நெருப்பு களவுப் பொருள். கிரேக்கக் கதையில் புரொமீத்தியஸ் பெருஞ்சீரகத் தண்டின் உட்குழலில் நெருப்பை மறைத்து மனிதருக்குக் கொண்டுவருகிறான். அதற்குத் தண்டனையாக அவனை மலையில் பிணைத்து, கழுகு நாள்தோறும் ஈரலைக் கொத்தித் தின்னும்படி செய்கிறான் சியூஸ். நியூசிலாந்து மாவோரி மக்களின் மாவுயி, தீயின் தாயான மகுயிக்காவிடம் போகிறான். அவளுடைய விரல் நகங்கள்தான் நெருப்பு. ஒவ்வொரு நகமாக வாங்கி அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஏமாந்தது தெரிந்ததும் கடைசித் தீயை அவள் அவன்மேல் ஏவுகிறாள். மழை வந்து அவனைக் காக்கிறது. மிச்சமிருந்த நெருப்பு சில மரங்களுக்குள் ஒளிந்துகொள்கிறது. அந்த மரக்கட்டைகளைக் கடைந்தால் தீ பிறப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் இது. ரிக் வேதத்தில் இந்த வேலையைச் செய்பவன் மாதரிசுவான். தொலைவிலிருந்து அக்கினியைப் பிருகு குலத்தாரிடம் கொண்டுவந்து சேர்க்கிறான். அங்கே தண்டனை இல்லை. தீ விருந்தாளியாக வந்து வீட்டுத் தெய்வமாக அமர்கிறது.

மீன்பிடி ஊராருக்கு நெருக்கமான கதை பின்லாந்தில் இருக்கிறது. எலியாஸ் லோன்ரோட் நாட்டுப்பாடல்களைத் தொகுத்து 1835இலும், விரித்து 1849இலும் வெளியிட்ட காலேவாலா காவியத்தில், வானிலிருந்து தவறிய தீப்பொறி ஏரியில் விழுகிறது. அதை ஒரு மீன் விழுங்க, அந்த மீனை இன்னொரு மீன் விழுங்க, அதையும் பெரிய மீனொன்று விழுங்குகிறது. வைனாமோயினன் நார்ச்செடி விதைத்து, நூல் நூற்று, வலை முடைந்து அந்த மீனைப் பிடிக்கிறான். வயிற்றைக் கீறியதும் பொறி துள்ளி வெளியேறிக் காடுகளை எரிக்கிறது. பிறகே அது பிடிபட்டு அடுப்புக்கு வருகிறது. நீருக்குள் இருந்தவரை அடங்கியிருந்த தீ, வெளியே வந்ததும் கட்டுமீறுகிறது.

கேள்வி: தீமிதிப்பில் கால் சுடாமல் இருப்பது எப்படி?

பதில்: பக்தர்கள் அதைத் தெய்வத்தின் காப்பாகவே கொள்கிறார்கள். இலங்கையில் பாண்டிருப்பு, உடப்பு ஆகிய ஊர்களின் திரௌபதை அம்மன் கோயில்கள் தீமிதிப்புக்குப் பேர்போனவை. துருபதன் வேள்வித்தீயில் தோன்றியவள் திரௌபதை. ஆகவே தீ அவளுக்குப் பிறந்த வீடு. அவள் பெயரைச் சொல்லி இறங்குவோரைத் தீ தீண்டாது என்பது நம்பிக்கை. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் தீயைக் கடந்தவர்கள் அடுத்த அடியைப் பால்குழியில் வைக்கிறார்கள். கிழக்கிலங்கையில் தீமிதிப்பு முடிந்தபின் குழிக்குப் பால் வார்க்கும் சடங்கு உண்டு. தீயை வளர்த்தவர்களே அதைக் குளிர்விக்கவும் கடமைப்பட்டவர்கள்.

இயற்பியல் விளக்கமும் இருக்கிறது. தணலும் அதன் மேலுள்ள சாம்பலும் வெப்பத்தை மெதுவாகவே கடத்துகின்றன. பாதம் தணலில் படும் நேரமும் மிகக் குறைவு. 1935இல் காசுமீரத்தைச் சேர்ந்த குடா பக்ஸ் இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் முன்னிலையில் தீமிதித்துக் காட்டியபோது இந்த விளக்கம் பரவலாகப் பேசப்பட்டது. நின்றுவிட்டாலோ தணலில் கால் புதைந்தாலோ சுடும். ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிக்கே ஊரில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வு வேறொன்றைக் கண்டது. தீமிதித்தவரின் இதயத்துடிப்பும் பார்த்து நின்ற உறவினரின் துடிப்பும் ஒரே போக்கில் ஏறி இறங்கின. தொடர்பில்லாத பார்வையாளரிடம் அது காணப்படவில்லை. ஒருவர் தீயில் இறங்கும்போது குடும்பமே இறங்குகிறது என்று கோயில் வாசலில் சொல்வது வெறும் பேச்சன்று.

கேள்வி: வற்றாப்பளை விளக்கு ஏன் ஆண்டு முழுவதும் எரிவதில்லை? அணையா விளக்குத்தானே உயர்ந்தது?

பதில்: இரண்டும் இருவேறு மரபுகள். பார்சிகளின் ஈரான்ஷா தீ குசராத்தின் உத்வாடாவில் 1742 முதல் காக்கப்படுகிறது. நாளுக்கு ஐந்து முறை விறகிட்டு அதை வளர்க்கிறார்கள். பழைய ரோமாபுரியில் வெஸ்தா தேவியின் தீயை ஆறு கன்னியர் 30 ஆண்டு நோன்பிருந்து காத்தார்கள். அணையவிட்ட கன்னிக்குக் கசையடி கிடைத்தது. அங்கே தீ தொடர்ந்து எரிவது நாட்டின் நலத்துக்கு அறிகுறி.

கண்ணகி வழிபாட்டில் தீ ஆண்டுக்கு ஒருமுறை மூண்டு, ஒருமுறை தணிய வேண்டியது. மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி கோயில்கள் பலவற்றில் வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, திருக்குளிர்த்தியோடு சடங்கை முடிப்பார்கள். மதுரை எரிந்த கதையைக் கேட்டு முடித்தபின், குளிர்த்திப் பாடலோடு நீர் சொரிந்து அம்மனின் வெம்மையை ஆற்றுவார்கள். கண்டியில் கண்ணகிக்கு உரிய பத்தினித் தேவாலயமும் பங்குகொள்ளும் எசல பெரகரா, மகாவலியில் நீர்வெட்டும் சடங்கோடு நிறைவடைகிறது. வெயில் கொடுமையும் அம்மை நோயும் ஊரை வாட்டும் காலத்தில் பத்தினியிடம் கேட்கும் வரம் மழையும் குளிர்ச்சியுமே.

கேள்வி: வீட்டு விளக்கை வாயால் ஊதி நூர்க்கலாமா?

பதில்: கூடாது. வாயால் தீயை ஊதலாகாது என்று மனு நூலின் நான்காம் அத்தியாயம் விதிக்கிறது. பார்சிப் பூசகர்கள் மூச்சும் எச்சிலும் படாதிருக்க வாயை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டே தீயின் அருகில் போகிறார்கள். தீயைத் தெய்வமாகக் கொண்ட இவ்விரு மரபுகளிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். பூவினால் சுடரைத் தொட்டோ, திரியை எண்ணெய்க்குள் இழுத்தோ, ஒரு துளி பால் விட்டோ விளக்கைக் குளிரவைப்பதே முறை.