கழுதை காரணமாகுமா?

நேரலை ஒளிபரப்பு நடத்துபவர்களின் மேசைமேல் இப்போது ஒரு சிறு பொத்தான் பலகை இருக்கிறது. 2017-இல் வந்த எல்காட்டோவின் ஸ்ட்ரீம் டெக் அந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது: 15 பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் படம், கணினிக்குப் போகும் ஒரே யூஎஸ்பி கம்பி. ஒன்றை அழுத்தினால் காட்சி மாற வேண்டும், இன்னொன்றை அழுத்தினால் மைக் அடங்க வேண்டும். அழுத்தியதும் நடக்காமல் அரை நொடி, ஒரு நொடி என்று இழுத்தடித்தால் முதல் பழி பலகைமேல்தான் விழுகிறது. கம்பியை மாற்று, போர்ட்டை மாற்று, புதிதாக ஒன்று வாங்கு என்று யோசனைகள் வருகின்றன. பழி ஏன் அங்கே போய் விழுகிறது என்று கேட்டால், பொறியியலைத் தாண்டி ஒரு பழைய தத்துவக் கேள்விக்குள் வந்துவிடுகிறோம்: ஒன்றை இன்னொன்றின் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? நம் தருக்க நூல்கள் இதற்குத் தந்த விடை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுபோகும் என்பதை இந்த அற்பக் கோளாற்றில் நன்றாகவே பார்க்கலாம்.

குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவ சித்தாந்தம் பிரிக்கும். உலகுக்கு மாயை முதல், சக்தி துணை, சிவன் நிமித்தம் என்று நிறுவுவதற்காகச் செய்த பிரிவு அது. நியாயத் தருக்க மரபினரான நையாயிகர்கள் அதே குயவன் வீட்டுக்குள் இன்னும் கறாராகப் புகுந்தார்கள். காரியத்துக்கு முன்னால் இருப்பதெல்லாம் காரணம் என்றால் தண்டத்தின் நிறமும் காரணம், குயவனின் தகப்பனும் காரணம், மண் சுமந்து வந்த கழுதையும் காரணம். விசுவநாத பஞ்சானனரின் பாஷாபரிச்சேதம் இப்படிப்பட்டவற்றை ஐந்து வகையாக்கி, அந்யதாசித்தம், அதாவது காரியத்துக்குத் தேவையற்றவை, என்று ஒதுக்கிவிடுகிறது. இந்தக் குடத்துக்கு முன்னால் இந்தக் கழுதை வந்தது உண்மைதான். வண்டியில் வந்த மண்ணிலும் குடம் ஆகும் என்பதும் உண்மை. ஆக, இது இருக்கும்போது அது இருக்கிறது என்னும் அந்வயம் மட்டும் போதாது. இது இல்லாதபோது அதுவும் இல்லை என்னும் வியதிரேகம் வேண்டும். இரண்டையும் சேர்த்தே சொல்வது வழக்கம். ஆனால் எடை இரண்டுக்கும் ஒன்றல்ல என்பது என் வாதம். அந்வயம் சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். தீர்ப்புச் சொல்வது வியதிரேகம்.

பலகையின் வழக்கைப் பாருங்கள். தாமதம் நேர்ந்த ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் விரல் பலகையைத் தொட்டிருக்கிறது. இதைவிட உறுதியான அந்வயம் கிடைக்காது. ஆனால் விரலிலிருந்து திரைவரை உள்ள வழியை அளந்தால் படம் மாறுகிறது. பொத்தானுக்குள் தொடுமுனை அதிர்ந்து அடங்கச் சில மில்லிநொடிகள். யூஎஸ்பி பலகை தானாகக் கூப்பிடுவதில்லை; ஏதாவது உண்டா என்று கணினிதான் கேட்டுக்கொண்டே இருக்கும், அதுவும் மில்லிநொடிக்கு ஒருமுறைகூடக் கேட்க முடியும். பிறகு பலகையின் மென்பொருள், அதன் பிளக்-இன், அங்கிருந்து ஓபிஎஸ் போன்ற ஒளிபரப்பு மென்பொருளுக்குச் செய்தி. ஓபிஎஸ் நொடிக்கு 60 படம் வரைந்தால் அடுத்த படத்துக்காக அதிகபட்சம் 17 மில்லிநொடிக் காத்திருப்பு. இதுவரை எல்லாம் சேர்ந்தாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இதற்கு மேல்தான் விஷயம். காட்சிகளுக்கு நடுவே ஓபிஎஸ் தானாக வைத்திருக்கும் ஃபேட் 300 மில்லிநொடி எடுக்கும். திரையில் இல்லாதபோது கேமராவை அணைத்துவிடு என்று குறித்து வைத்திருந்தால், காட்சி திரும்பும்போது கேமரா முதலிலிருந்து விழித்தெழ வேண்டும். இணையப் பக்கத்தைக் காட்டும் மூலத்துக்கும் அதே கதி. இன்னும் சிலர் தங்கள் ஒளிபரப்பையே கைபேசியில் பார்த்துத் தாமதத்தைக் கணக்கிடுகிறார்கள். பார்வையாளருக்குப் போய்ச் சேர அது பல நொடி எடுக்கும் என்பதால் அந்தக் கணக்குக்கும் பலகைக்கும் தொடர்பே இல்லை. பிரித்தறிய வழி எளியது. பலகையைத் தொடாமல் ஓபிஎஸ்ஸிலேயே சுட்டியால் காட்சியை மாற்ற வேண்டும். அப்போதும் தாமதம் இருந்தால் பலகை விடுதலை. அடுத்து, அதே பொத்தானுக்கு ஓர் எழுத்தைத் தட்டச்சு செய்வது போன்ற சிறு வேலையைக் கொடுக்க வேண்டும். எழுத்து உடனே வந்தால் கம்பியும் போர்ட்டும் விடுதலை. பெரும்பாலான வழக்குகளில் பலகை மண் சுமந்த கழுதையாகவே வெளியே வரும்.

இந்த இரண்டு சோதனைகளின் பலம், ஒவ்வொன்றும் ஒன்றை மட்டும் விலக்குவதில் இருக்கிறது. எல்லாரும் முதலில் செய்யும் வைத்தியமோ கணினியை அணைத்துப் போடுவது. தாமதம் போய்விடும், பலமுறை நிஜமாகவே போய்விடும். ஆனால் நிரல்கள், நினைவகம், போர்ட், கேமரா எல்லாம் ஒரே நேரத்தில் மாறிவிட்டதால் எது போனதால் எது போயிற்று என்று சொல்ல வழியில்லை. நோய் தீர்ந்தது, சாட்சியமும் அழிந்தது. ஒரே வாரத்தில் மூன்று கோயில் பரிகாரமும் மருத்துவர் மாற்றமும் உணவுக் கட்டுப்பாடும் செய்து குணமானவர், அவற்றில் தமக்குப் பிடித்த ஒன்றுக்கு மட்டும் நன்றி சொல்வது இதே வகைதான்.

வியதிரேகம் சுலபமாகக் கையாளக்கூடியது என்று சொல்ல வரவில்லை. சில தாமதங்களில் விலக்குவதற்கு ஒரு பொருளே கிடையாது. ஒரே பொத்தானுக்கு ஒருமுறை அழுத்தினால் ஒரு வேலை, இருமுறை அழுத்தினால் வேறு வேலை என்று வைத்துவிட்டால், முதல் அழுத்தம் வந்ததும் மென்பொருளால் செயல்பட முடியாது. இரண்டாவது வருமா என்று காத்திருந்து, வரவில்லை என்று உறுதியான பிறகே முதல் வேலையைத் தொடங்கும். இங்கே தாமதத்தின் காரணம் நடக்காமல் போன ஒரு நிகழ்ச்சி. இன்மையையும் ஒரு பதார்த்தமாக, அதாவது ஒரு பொருள் வகையாக, எண்ணி ஏழாவது இடம் தந்த மரபுக்கு இதில் வியப்பு இருக்காது. மின்சாரத்தைச் சேமிக்க விண்டோஸ் யூஎஸ்பி போர்ட்டை உறங்க வைத்துவிட, நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் முதல் அழுத்தம் மட்டும் தொலைந்தோ தாமதித்தோ போவது இன்னொரு வகை. ஒரு மணிக்கல் பக்கத்தில் இருந்தால் நெருப்பு சுடாது என்ற பழைய எடுத்துக்காட்டு இங்கே அப்படியே பொருந்துகிறது. நெருப்பின் சக்தியையே மணி கெடுத்துவிட்டது என்பார் மீமாம்சகர். சக்தி என்று தனியாக ஒன்றும் இல்லை, தடை இல்லாமையும் சுடுவதற்கு ஒரு காரணம், மணி வந்ததும் அந்த இல்லாமை போயிற்று என்பார் நையாயிகர். உறங்கும் போர்ட்டை எந்தப் பக்கமும் சேர்க்கலாம். எந்தப் பக்கம் சேர்த்தாலும் செய்ய வேண்டியது மின்சேமிப்பை நிறுத்திவிட்டு மறுபடி அழுத்திப் பார்ப்பதுதான். விலக்கிப் பார்ப்பது காரணத்தின் உள்ளியல்பைச் சொல்லாது, எதனால் வேறுபாடு வந்தது என்பதைச் சொல்லும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. மற்றக் காரணங்களை விலக்கித்தான் அறிய வேண்டும், ஆனால் என் செயலுக்கு நானே காரணம் என்பதை நேராகவே உணர்கிறேனே, அங்கே வியதிரேகம் எதற்கு? டேவிட் ஹியூம் 1748-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். கையை அசைக்க நினைக்கிறோம், கை அசைகிறது. நடுவில் இருக்கும் நரம்பும் தசையும் நமக்குத் தெரிவதே இல்லை. தெரியாத வழியாகப் போன ஒன்றை நேரடி அறிவு என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. பின்னால் வந்த சோதனைகள் அவர் பக்கமே சாய்ந்தன. ஒரு வடிவம் இன்னொன்றை மோதி நகர்த்துவது போன்ற படங்களை ஆல்பேர் மிஷோட் காட்டினார். 1946-இல் வந்த அவர் நூலின்படி, மோதலுக்கும் நகர்வுக்கும் நடுவே ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விழுந்தாலே அது இதை நகர்த்தியது என்ற தோற்றம் கலைந்துவிடுகிறது. 2006-இல் டேவிட் ஈகிள்மன் குழுவினர் இன்னும் விசித்திரமான ஒன்றைக் காட்டினார்கள். பொத்தானுக்கும் ஒளிக்கும் நடுவே சிறு தாமதத்தை வைத்து ஆட்களைப் பழக்கினார்கள், பிறகு சொல்லாமல் தாமதத்தை எடுத்தார்கள். தாம் அழுத்துவதற்கு முன்பே ஒளி வந்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. நான் செய்தேன் என்ற உணர்வு கால இடைவெளியால் இப்படிக் குலையக்கூடியது என்றால், அதுவும் ஓர் அந்வயம்தான், பழகிப்போன அந்வயம். அது பொய் என்று சொல்லவில்லை. சாட்சிக் கூண்டில் அதற்குத் தனி மரியாதை கிடையாது என்கிறேன்.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. காரணம் என்று ஒன்றைத் தனியே பிரிக்க முடியாது, எல்லாம் கூடிய சாமக்கிரியே காரணம் என்று 9-ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ஜயந்த பட்டர் வாதிட்டார். பௌத்தரான நாகார்ஜுனரோ அந்தக் கூட்டத்துக்குள் காரியம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டு இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார். ஒரு காட்சி ஏன் மாறியது என்று கேட்டால் ஜயந்தர் சொல்வது சரி. மின்சாரம், கம்பி, விரல் எல்லாமே வேண்டும். ஆனால் பழுது பார்ப்பவரின் கேள்வி அது அல்ல. நேற்று உடனே மாறியது இன்று ஏன் தாமதிக்கிறது என்று இரண்டு சாமக்கிரிகளை ஒப்பிட்டுக் கேட்கிறார். இரண்டிலும் பொதுவாக இருப்பது எதுவும் விடையாகாது. இந்தப் பிடிமானம் எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தாமதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடும்போது ஃபேடுக்கு 300, கேமராவுக்கு ஒரு நொடி என்று பங்கு போடலாம். விளையாட்டு ஒன்று கிராபிக்ஸ் கார்டை முழுக்கப் பிடித்துக்கொண்டு ஓபிஎஸ்ஸுக்குப் படம் வரையவே இடம் தராதபோது, விளையாட்டை நிறுத்தினாலும் தாமதம் போகும், ஓபிஎஸ்ஸின் வேலையைக் குறைத்தாலும் போகும். இதில் இவ்வளவு அதனால், இவ்வளவு இதனால் என்ற கேள்விக்குப் பொருளே இல்லை. அங்கே நாம் எதைக் காரணம் என்கிறோமோ அது நாம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் ஒன்றுதான். விளையாட்டை ஒளிபரப்புவதற்காகவே உட்கார்ந்திருப்பவர் விளையாட்டைக் குற்றம் சொல்ல மாட்டார்.

எஞ்சியிருப்பது சமயத்தின் பக்கத்திலிருந்து வரும் கேள்வி. ஈசுவரன், காலம், திசை, அதிருஷ்டம் முதலிய எட்டைப் பிற்கால நியாய நூல்கள் பொதுக் காரணங்கள் என்கின்றன. எல்லாக் காரியத்துக்கும் அவை உண்டு. நான் சொல்லும் அளவுகோலின்படி ஈசுவரனை விலக்கிப் பார்க்க முடியாது, ஆகவே ஈசுவரன் காரணமில்லை என்றாகிவிடாதா? ஆகாது. விலக்க முடியாத ஒன்று காரணமாக இருக்கலாம், அதை வேறு வாதங்களால் நிறுவலாம், நிறுவ முயன்றும் இருக்கிறார்கள். ஆனால் உடனே மாறிய காட்சிக்கும் தாமதித்த காட்சிக்கும் ஒன்றாகவே நிற்கும் காரணம் தாமதத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒருவர் பிழைத்ததற்கும் பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் இறந்ததற்கும் அதே ஈசுவரனைக் காட்டுவதும் அப்படித்தான். இதை நையாயிகரான உதயனர் அறியாதவர் அல்லர். நியாயகுசுமாஞ்சலியில் அவர் அதிருஷ்டத்தை நிறுவுவதே வேறுபாட்டை வைத்துத்தான்: அனுபவங்கள் பலவிதமாகவும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகவும் இருக்கின்றன, அந்தப் பலவிதத்துக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒரு காரணம் வேண்டும், அது அவரவர் வினையின் மிச்சம். வாதத்தின் உருவம் சரியானது, வேறுபாட்டுக்கு வேறுபாட்டையே தேடுகிறது. எப்போதோ ஒரு பொத்தானுக்குள் காத்திரு என்று ஒரு நொடியை வைத்துவிட்டு மறந்தவர், இன்று அதே தாமதத்தை அனுபவிப்பதும் அந்த உருவத்தில்தான் அடங்கும். ஆனால் அந்த மறந்த நொடியை அமைப்புகளைத் திறந்து கண்டுபிடிக்கலாம், அழிக்கலாம், மறுபடி அழுத்திப் பார்க்கலாம். அதிருஷ்டத்துக்கு அது இயலாது என்பதால், கண்ட காரணங்களையெல்லாம் கழித்துவிட்டு மீந்ததைக் காரணமாகக் கொள்ளும் பரிசேடத்தைத்தான் நம்ப வேண்டும். பட்டியல் முழுமையாக இருந்தால் பரிசேடம் செல்லும். விரலுக்கும் திரைக்கும் நடுவே ஏழெட்டு இடங்கள்தான் இருப்பதால் அங்கே பட்டியலை முடிக்க முடியும். ஒரு பிறப்புக்கும் ஒரு துன்பத்துக்கும் நடுவே உள்ள பட்டியலை யாரும் முடித்ததில்லை. முடிக்காத பட்டியலின் மீதத்துக்குப் பெயர் வைத்து, அதைக் காட்டி நோயாளியிடம் உன் வினை என்று சொல்ல நியாய சாஸ்திரமே அனுமதி தரவில்லை.