வள்ளியின் குலமும் கோட்டாட்சியரின் சான்றிதழும்

ஒருவரைப் பழங்குடியாக்குவது பிறப்பா, வாழ்வா என்னும் வினா, பெற்றோரில் ஒருவர் மட்டுமே பழங்குடியாக உள்ள பிள்ளைகளின் வாழ்வில்தான் மிகக் கூர்மை கொள்கிறது. கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய குருபரப்பள்ளி போன்ற ஊர்களில், சிப்காட் தொழிற்பேட்டைகள் வந்தபின் பல சாதி, பல மொழி இளைஞர்கள் ஒரே ஷிப்டில் நின்று, அடுத்தடுத்த வாடகை அறைகளில் தங்கி வாழ்வதால், இவ்வினா ஏட்டளவில் நிற்காமல் பள்ளிச் சேர்க்கைப் படிவம் வரை வந்துவிடுகிறது.

எல்லைப்பகுதியில் அடையாளம் எவ்வளவு வழுக்கக்கூடியது என்பதற்குக் குறுமன்ஸ் சமூகமே சான்று. ஆடு வளர்ப்பை மரபுத்தொழிலாகவும் கன்னடத்தை வீட்டுமொழியாகவும் கொண்டு, வீரபத்திரரை வழிபடும் இச்சமூகம் தமிழகத்தில் பட்டியல் பழங்குடியாக, அதாவது அரசியலமைப்பின் 342ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவித்த பட்டியலில் இடம்பெற்ற குடியாக, உள்ளது. ஆனால் குறும்பர் என்று எழுதப்பட்டவர், நீலகிரி மாவட்டம் நீங்கலாக, இதே மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோருள் வைக்கப்படுகிறார், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் குருபர் என்போரும் பொதுவாகப் பிற்படுத்தப்பட்டோரே, அங்கே ஜேனு குருபர், காடு குருபர் போன்ற சிலரே பழங்குடியினர். இதற்கு மேல், ஒரு மாநிலத்தின் பழங்குடி இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கு அந்தத் தகுதியைக் கோர இயலாது என உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்திருப்பதால், ஜார்க்கண்டிலிருந்து ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வரும் சந்தால் பெண் தமிழகச் சலுகைகளைப் பொறுத்தவரை பழங்குடி அல்லள். மலையும் ஆறும் மாறாதிருக்க, கோடு மட்டுமே மாற்றும் ஒன்றை இயல்பான சாரம் என்று எவரும் வாதிட முடியாது.

கலப்பு மணத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சட்டம் மெல்ல மெல்லத்தான் தெளிந்தது. பெற்றோரின் உறுதிமொழியையும் பிள்ளை வளர்க்கப்படும் முறையையும் கருதித் தந்தை, தாய் இருவரில் ஒருவரின் சமூகத்தை ஏற்கலாம் என்று தமிழக அரசு 1975இலேயே ஆணையிட்டது. குஜராத்தில் பழங்குடித் தாய்க்கும் பழங்குடி அல்லாத தந்தைக்கும் பிறந்த ஒருவரின் பழங்குடிச் சான்றிதழ் ரத்தான வழக்கில், 2012இல் உச்ச நீதிமன்றம், பிள்ளை தந்தையின் சாதியைச் சேர்ந்தது என்பது ஓர் ஊகமே, தாயின் சமூகத்தாரால் வளர்க்கப்பட்டு, அவர்களில் ஒருவராகவே ஏற்கப்பட்டு, அவர்கள் படும் இழிவையும் இழப்பையும் தானும் பட்டதாகக் காட்டினால் அந்த ஊகம் உடையும் என்றது.

நீதிமன்றம் வந்தடைந்த இந்த இடத்தில் தமிழ்ப் புராண மரபு முன்பே நின்றிருந்தது. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் வள்ளி, சிவமுனிவரின் பார்வையால் மான் ஈன்ற குழந்தை. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்து, நம்பி என்னும் குறவர் தலைவன் கையில் சேர்ந்து, தினைப்புனம் காத்து வளர்ந்தவள். பிறப்பைக் கணக்கிட்டால் குறவர் குருதி அவளிடம் ஒரு துளியும் இல்லை. ஆயினும் தமிழ் உலகம் அவளைக் குறமகள் என்றே கொண்டாடுகிறது, அவளுக்குச் சான்றிதழ் கேட்ட பக்தர் எவரும் இல்லை. மணிமேகலையின் ஆபுத்திரன் இதன் மறுபக்கம்: அந்தணரிடம் வளர்ந்து மறை ஓதியவன், வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை மீட்டதும், அதுவரை தேவைப்படாத பிறப்புக் கதை தோண்டியெடுக்கப்பட்டு இழித்துரைக்கப்படுகிறான், முனிவர் பலரின் பிறப்பு எத்தகையது என்று அவன் திருப்பிக் கேட்கிறான். ஏற்பது சமூகத்தின் கையில் இருப்பதால், கைவிடுவதும் அதன் கையில்தான் இருக்கிறது என்னும் கசப்பு அவன் கதையில் உண்டு. ஆகவே வளர்ப்பே அடையாளம் என்னும் கொள்கையும் முழு விடுதலை தருவதன்று.

ஆனால் நடைமுறையில் சான்றிதழ் விசாரணை வேறொரு முரணில் சிக்கியுள்ளது. பட்டியல் சாதிகளுக்கான 1950ஆம் ஆண்டு ஆணை மதத்தை ஒரு வரம்பாக வைத்திருக்க, பழங்குடிகளுக்கான ஆணையில் அவ்வரம்பு இல்லை. கிறித்தவராயினும் பழங்குடி பழங்குடியே. அவ்வாறிருந்தும், போலிச் சான்றிதழ்களைத் தடுக்க 1994இல் உச்ச நீதிமன்றம் வகுத்த ஆய்வுமுறை, குலதெய்வம், சடங்கு, மணமுறை, ஈமச்சடங்கு ஆகியவற்றை ஒத்துப்பார்க்கச் சொல்கிறது. வீரபத்திரர் திருவிழாவில் குறுமன்ஸ் குலத்தார் வரிசையாக அமர, பூசாரி ஒவ்வொருவர் தலையிலும் தேங்காய் உடைத்துச் செல்லும் வழக்கத்தை ஒரு பெரியவர் கண்மூடியபடி விவரிப்பார். தொழிற்பேட்டையின் வாடகை அறையில் வளர்ந்து, அந்த விழாவை ஆண்டுக்கு ஒருமுறை கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்த பிள்ளை தடுமாறும். சடங்கு தெரியாமை வேர் இன்மைக்கு அடையாளமன்று; பல நேரங்களில் அது நிலம் இழந்து கூலிக்குப் பெயர்ந்ததன் தழும்பு. இடப்பெயர்வாலும் நவீன வாழ்வாலும் பழைய பண்புகள் மறையலாம் என்பதால் இவ்வொப்பீடு மட்டுமே உரைகல் ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 2011இல் ஒப்புக்கொண்டது.

போலிச் சான்றிதழ் பெறுவோர் இருப்பது உண்மையே, அவர்கள் பறிப்பது இருளர், குறுமன்ஸ் பிள்ளைகளின் இடங்களை. எனினும் அதற்காக இரு வழிப் பிள்ளையைப் பாதிப் பழங்குடி என எண்ணுவது கணக்கிலேயே பிழை, ஏனெனில் உறவு பின்னமாவதில்லை: தாய்வழிப் பாட்டியின் வீட்டுத் துக்கத்தில் அவன் அரைப்பங்கு அழுவதில்லை, அவளைத் தாழ்த்திய சொல்லும் அவன்மேல் அரைப்பங்காக விழுவதில்லை. விசாரணை அலுவலர் தெய்வத்தின் பெயரைக் கேட்பதற்கு முன், அப்பிள்ளையை யார் வளர்த்தார்கள், எந்த வீட்டார் தம்மவன் என்றார்கள், எந்தப் பெயரால் அவன் ஒதுக்கப்பட்டான் என்று கேட்க வேண்டும். 1975ஆம் ஆண்டு ஆணையும் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அதற்குப் போதிய இடம் தருகின்றன.